புகழுக்காக ஆன்மாவை எழுதிக் கொடுத்த எலிப்பெண்: அந்தக் கடைசி வழக்கு சரியா?

வேலணை_வயலின் (இழையைத் தொடங்கியவர்)

1978இல் கனடாத் தொலைக்காட்சியில் வந்த ‘தி டெவில் அண்ட் டானியல் மௌஸ்’ பார்த்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? அரை மணி நேரத்துக்குள் முடிகிற கார்ட்டூன். ரொறன்ரோவின் நெல்வானா ஸ்டூடியோ செய்தது, பாட்டுகள் ஜோன் செபஸ்தியன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஜான், டானியல் என்று இரண்டு எலிகள், கிற்றாரோடு அமைதியான பாட்டுகள் பாடுகிற சோடி. இந்தப் பாட்டெல்லாம் இனி ஓடாது என்று பாடின இடத்தில் வேலை போய்விடுகிறது. சாப்பாட்டுக்குக் காசில்லை, டானியல் தன் கிற்றாரை அடகு வைக்கப் புறப்படுகிறான். அவன் அந்தப் பக்கம் போன நேரத்தில் ஜான் தனியே இருந்து, பெரிய பாடகியாக வருவதற்கு எதையும் கொடுப்பேன் என்று நினைக்கிறாள், உடனே இசைத்தட்டுத் தயாரிப்பாளர் வேடத்தில் பிசாசு வந்து நிற்கிறான். ஒப்பந்தம், ஒரு சொட்டு இரத்தம், கையெழுத்து. பிறகு வெளிச்சம், பெரிய வாத்தியக்குழு, கூட்டம், புகழ். உச்சிக்குப் போன பிறகு நள்ளிரவில் அவன் கணக்குத் தீர்க்க வருகிறான். அவள் ஓடித் திரிந்து கடைசியில் டானியலிடம் வந்து சேர, அவன் அவளுக்காக வழக்காடுகிறான், நீதிபதியும் தீர்ப்புச் சொல்ல இருக்கிற யூரிமாரும் (ஜூரிகள்) எல்லாம் பிசாசின் ஆட்கள். வாதம் எடுபடாத இடத்தில் டானியல் பாடுகிறான். யூரிமார் இளகிப் போகிறார்கள், ஜான் தப்புகிறாள்.

என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கிற விஷயம், இந்தப் பேரத்தில் பிசாசு அவளுக்கு எதையுமே கொடுக்கவில்லை என்பதுதான். குரல் அவளுடையது. பாடத் தெரிந்ததும் அவளுக்குத்தான். அவன் கொடுத்தது உடுப்பும் சத்தமும் ஆட்களும். ஆன்மாவைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று பத்திரத்தில் விட்டுவிட்டு, கையெழுத்துப் போட்ட அன்றைக்கே டானியலை எடுத்துவிட்டான். அதை எந்த வரியிலும் எழுதவில்லை. அவளுக்குச் சோறு வேண்டும் என்று தன் வாத்தியத்தையே அடகு வைக்கப் போனவனை அவள் அந்த நேரத்தில் இழந்தாள், அதற்குப் பிறகு வருகிற நரகமெல்லாம் இரண்டாவது தண்டனை என்றுதான் எனக்குப் படுகிறது.

என்னிடம் இசை படிக்கிற பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன், இதை இசை நாடகமாகச் செய்வோம் என்று நிற்கிறார்கள். முடிவில்தான் சண்டை. கையெழுத்துப் போட்டவள் ஒரு பாட்டோடு தப்பிப் போகலாமா என்று பாதிப் பேர் ஏற்கவே இல்லை. உங்கள் கருத்து வேண்டும்.

நாவாந்துறைக்_கூத்தன்

பிள்ளைகள் கேட்டது சரி. நானும் ஏற்கமாட்டேன்.

நாங்கள் எந்த மேடையைப் பார்த்து வளர்ந்தோம்? யாழ்ப்பாணத்து இசைநாடக நடிகர் நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டம். சுடலை காக்கிற அரிச்சந்திரன் முன்னால் சந்திரமதி செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். தன் மனைவி, தன் பிள்ளை என்று தெரிந்த பிறகும் கால்பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி மூன்றும் வைத்தால்தான் எரிக்க விடுவேன் என்கிறான். ஒரே ஒரு பொய், அதைச் சொன்னால் இழந்த நாடு திரும்பி வரும், அதையும் சொல்லவில்லை. விடிய விடிய இருந்து அதைப் பார்த்து அழுத சனம் நாங்கள். வாக்குக் கொடுத்தவன் அதை நிறைவேற்ற வேண்டும், அதற்குத்தான் கடவுளும் இறங்கி வந்தார்.

இந்த எலிப்பெண் என்ன செய்தாள்? அனுபவிக்கிற வரைக்கும் அனுபவித்தாள், கேட்க வந்தபோது ஓடினாள். பிசாசு கெட்டவன்தான், ஆனால் அவன் சொன்னபடி புகழைக் கொடுத்திருக்கிறான். வாக்குத் தவறியது யார்? அவளைத் தப்ப விட்டால் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறோம்?

கச்சேரியடி

ஐயா, வாக்கு வேறு, பத்திரம் வேறு. சட்டத்தில் நிற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்கள் நாட்டில் ஒப்பந்தங்களுக்குப் பின்னால் நிற்பது உரோமன் டச்சுச் சட்டம். அதில் ஒப்பந்தம் செல்லுபடியாக நியாயமான காரணம் ஒன்று இருக்க வேண்டும், நல்லொழுக்கத்துக்கு மாறான ஒப்பந்தத்தை நீதிமன்றம் நிறைவேற்றித் தராது. ஒருவர் தன் ஆன்மாவை எழுதிக் கொடுத்தால் அதைப் பிடித்துக் கொடுக்கும்படி எந்த நீதிபதியும் கட்டளை போடமாட்டார். ஆகவே ஜான் தப்பியது எனக்குப் பிரச்சினையே இல்லை.

எனக்குச் சுவையாக இருந்தது, டானியல் இதில் எதையும் சொல்லாமல் பாடியது. அது சும்மா வந்ததல்ல. இந்தக் கார்ட்டூனுக்கு மூலம் ஸ்டீபன் வின்சென்ட் பெனே 1936இல் எழுதிய ‘தி டெவில் அண்ட் டானியல் வெப்ஸ்டர்’ சிறுகதை. நியூ ஹாம்ப்ஷயரில் ஜாபெஸ் ஸ்டோன் என்று ஒரு விவசாயி, தொட்டதெல்லாம் துலங்காமல் போய்ப் பிசாசுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறான். அவனுக்காக வாதாட வருகிறவர் டானியல் வெப்ஸ்டர், இவர் உண்மையில் வாழ்ந்த அமெரிக்க அரசியல்வாதி, பேர்போன வழக்கறிஞர். பிசாசு கூட்டி வருகிற யூரிமார் செத்துப்போன துரோகிகளும் கொள்ளைக்காரரும். நீதிபதி ஹாத்தோர்ன், அமெரிக்காவின் சேலம் என்ற ஊரில் நடந்த சூனியக்காரி வழக்குகளில் உண்மையிலேயே இருந்தவர். வெப்ஸ்டர் கோபத்தோடு எழும்பப் போகிறார், பிறகு ஒன்றைக் கண்டுகொள்கிறார்: தன்னுடைய கோபம்தான் இவர்களுக்குத் தீனி, அதே கோபத்தோடு பேசினால் தானும் அவர்கள் பக்கம் போய்விடுவேன் என்று. அதனால் சட்டத்தை விட்டுவிட்டு, விடிகாலையின் புதுமை, பசிக்கிறபோது சாப்பாட்டின் ருசி, மனிதனாக இருப்பதன் சுகதுக்கம் என்று பேசுகிறார். யூரிமாரும் ஒரு காலத்தில் மனிதர்கள்தானே. அவர்களுக்கு அது நினைவு வருகிறது.

டானியல் எலியின் பாட்டு அந்தப் பேச்சு இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைத் தந்திரம் என்று தள்ளிவிட முடியாது.

இணுவில்_தவில்

வழக்கு இருக்கட்டும், எனக்கு வேறொரு கேள்வி. மேற்கில் ஒருவன் அளவுக்கு மீறி வாசித்தால் ஏன் உடனே பிசாசைக் கூப்பிடுகிறார்கள்?

பகனீனி வயலின் வாசித்த வேகத்தைப் பார்த்து இவன் பிசாசோடு கூட்டு என்று கதை கட்டினார்கள். 1840இல் நீஸ் நகரத்தில் செத்தபோது அங்கத்தைய ஆயர் தேவாலய முறைப்படி அடக்கம் செய்ய அனுமதிக்கவில்லை, பல வருஷம் அந்த உடல் இடம் இடமாக அலைந்து 1876இல்தான் பார்மாவில் அமைதியானது. தார்த்தினி என்ற இன்னொரு வயலின்காரர் கனவில் பிசாசின் கையில் வயலினைக் கொடுத்தாராம், அது வாசித்ததை விழித்தெழுந்து எழுதப் பார்த்தாராம். அமெரிக்காவின் மிசிசிப்பியில் றொபேட் ஜோன்சன் நாற்சந்தியில் நள்ளிரவில் பிசாசைச் சந்தித்துக் கிற்றார் படித்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அவன் 1936, 1937இல் இருபத்தொன்பது பாட்டுகளை ஒலிப்பதிவு செய்தான், 1938இல் இருபத்தேழு வயதில் போய்விட்டான். அந்த நாற்சந்திக் கதை முதலில் சொல்லப்பட்டது ரொமி ஜோன்சன் என்ற வேறொரு பாடகனைப் பற்றி. பெயர் ஒத்துப்போக, கதை பெரிய ஆளோடு ஒட்டிக்கொண்டது.

எங்கள் பக்கம் பாருங்கள். தவில் தெட்சணாமூர்த்தி வாசித்ததைக் கேட்ட ஆட்கள் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு கதைப்பார்கள். ஒருவராவது பேய் கொடுத்தது என்று சொன்னதுண்டா? குருவருள் என்பார்கள், பிறவி ஞானம் என்பார்கள், விடியற்புறத்தில் எழும்பி அசுரசாதகம் செய்தார் என்பார்கள். வாசிப்பவன் யாருக்காவது கடன்பட்டிருக்கிறான் என்பதை நாங்களும் நம்புகிறோம், ஆனால் அந்தக் கடனை அவன் அடுத்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துத்தான் தீர்க்க வேண்டும். அதனால் இந்தப் பேரக் கதையை அப்படியே தூக்கி யாழ்ப்பாணத்தில் வைத்தால் ஒட்டுமா என்பது எனக்குச் சந்தேகம்.

பாசையூர்_மாலை

தவில் அண்ணை, அது உங்கள் பக்கம். கரையோரத்தில் நாங்கள் இயேசுவின் பாடுகளை நடிக்கிற பாஸ்கா நாடகத்தில் சாத்தானைப் பார்த்து வளர்ந்த ஆட்கள். வனாந்தரத்தில் நாற்பது நாள் பட்டினி கிடந்த இயேசுவை மலைக்குக் கூட்டிப் போய் உலகத்து இராச்சியங்களையும் அவற்றின் மகிமையையும் காட்டி, விழுந்து வணங்கினால் எல்லாம் உனக்கு என்கிறான். மத்தேயு நான்காம் அதிகாரம். புகழுக்கான பேரத்தில் அதைவிடப் பழையது எது? யூதாசின் முப்பது வெள்ளிக்காசும் இருக்கிறது. ஒட்டுமா என்று கேட்கத் தேவையில்லை, இங்கே அது எப்போதோ ஒட்டிவிட்டது.

நான் கொம்பியூட்டரில் அனிமேஷன் செய்து பழகுகிறேன், அதனால் இந்தப் படத்தைப் பிறேம் பிறேமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எல்லாம் கையால் வரைந்த காலம். ஜான் பழைய ஜானாக இருக்கிறபோது உடம்பு சின்னதாக, அசைவு கொஞ்சமாக இருக்கும். புகழ் வந்த பிறகு மேடையில் நிறம், வெளிச்சம், உடுப்பு எல்லாம் கூடுகிறது, முகம் சுருங்கிப் போகிறது. பிசாசுக்கு மட்டும் உருவம் நிலையாக நிற்பதில்லை. பல்லி மாதிரி ஒரு மூஞ்சி, கோபம் வந்தால் வேறாக மாறும். பயமுறுத்த வேண்டும் என்று வரைந்தவர்கள் உண்மையாகவே மினக்கெட்டிருக்கிறார்கள், இதைச் சின்னப் பிள்ளைகளுக்கான படம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒப்பந்தம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் தங்கச்சி நன்றாகப் பாடுவாள். ஒரு பாட்டுப் போட்டிக்குத் தெரிவாகி, கையெழுத்துப் போடச் சொல்லித் தாள்கள் வந்தன. எல்லாம் ஆங்கிலம். அம்மா சந்தோஷத்தில் பேனையை எடுத்துவிட்டா. நான் இருந்து வாசித்தேன். அவள் பாடுகிற பாட்டு, அவளுடைய குரல், படம், பெயர் எல்லாவற்றையும் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் அவர்கள் பாவிக்கலாம், காசு கேட்க முடியாது. குறிப்பிட்ட காலத்துக்கு அவர்களைக் கேட்காமல் வேறு மேடையில் ஏறக்கூடாது. கோவில் திருவிழாவில் பாடுவதற்கும் அனுமதி கேட்க வேண்டுமா என்று கேட்டு எழுதினோம், பதில் வரவில்லை, இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். தங்கச்சி ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அவள் அழுததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது, ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட விட்டிருக்கமாட்டேன்.

கூத்தன் ஐயா, பதினைந்து வயதுப் பிள்ளை சந்தோஷத்தில் போடுகிற கையெழுத்தும் அரிச்சந்திரன் கொடுத்த வாக்கும் ஒன்றா?

ஸ்காபுரோ_நல்லூரான்

நான் இருக்கிற ஊரில் செய்த படம் என்பதால் தேடிப் பார்த்திருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

நெல்வானாவை 1971இல் மைக்கல் ஹேர்ஷ், பற்றிக் லூபேர், கிளைவ் ஸ்மித் என்ற மூன்று பேர் தொடங்கினார்கள். எழுபதுகளின் கடைசியில் தொலைக்காட்சிக்கு அரைமணிச் சிறப்புப் படங்கள் செய்தார்கள், ஸ்டார் வோர்ஸ் விடுமுறை நிகழ்ச்சிக்குள் வந்த கார்ட்டூன் துண்டும் 1978இல் இவர்கள் செய்ததுதான். பாட்டுப் போட்ட செபஸ்தியன் 1969இல் வுட்ஸ்டொக் இசை விழா மேடையில் பாடிய ஆள். கிற்றாரோடு தனியே நின்று பாடுகிறவர்களை ஒதுக்கிவிட்டு டிஸ்கோ வந்து நின்ற வருஷங்களில் அவரே இந்தக் கதைக்கு இசையமைத்திருக்கிறார். அதனால்தான் வேலை போகிற காட்சி அவ்வளவு உண்மையாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முக்கியமான விஷயம் இனித்தான். இதே எண்ணத்தைப் பெரிதாக்கி 1983இல் ‘றொக் அண்ட் றூல்’ என்று முழு நீளப் படம் எடுத்தார்கள், இயக்கம் கிளைவ் ஸ்மித். டெபி ஹரி, லூ றீட், இகி பொப், சீப் ட்ரிக் எல்லாம் பாடியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட எண்பது லட்சம் டொலர் செலவு, தியேட்டரில் ஓடவில்லை, கொம்பனி மூழ்குகிற நிலைக்குப் போய்ப் பிறகு பிள்ளைகளுக்கான தொடர்கள் செய்துதான் கரை சேர்ந்தது. அதில் மொக் என்ற வயது போன நட்சத்திரம், வேறொரு உலகத்துப் பூதத்தை எழுப்ப ஒரு குறிப்பிட்ட குரல் தேவை என்று ஏஞ்சல் என்ற பாடகியைப் பிடித்துக்கொண்டு போகிறான். வேலணை சொன்னது அங்கே இன்னும் தெளிவாக இருக்கிறது. பூதத்துக்குச் சொந்தமாகக் குரல் இல்லை, மனுஷரின் குரலைத்தான் தேடி வருகிறது. அதைத் திருப்பி அனுப்ப ஏஞ்சல் தனியே பாடிப் பார்க்கிறாள், முடியவில்லை. அவளோடு சண்டை பிடித்துப் பிரிந்து போன ஓமார் வந்து சேர்ந்து பாடும்போதுதான் அது போகிறது.

நாவாந்துறைக்_கூத்தன்

மாலை மகளே, நீ தங்கச்சிக்குச் செய்தது சரி. பிள்ளையின் கையெழுத்தை அரிச்சந்திரனோடு நான் ஒப்பிடவில்லை. ஆனால் படத்தில் வருகிற ஜான் பிள்ளை அல்ல, யோசிக்கத் தெரிந்தவள். அவளுக்கு ஒரு விலையும் இல்லையா?

வேலணை_வயலின்

ஐயா, விலை கொடுத்தாள் என்றுதான் முதலில் எழுதினேன், டானியல் இல்லாமல் பாடினாளே. அது போதாது என்கிறீர்கள், விளங்குகிறது.

ஆனால் உங்கள் மேடையிலேயே இன்னொரு கதை இருக்கிறது, அதை ஏன் மறந்தீர்கள்? சத்தியவான் சாவித்திரி. யமன் கணக்குப்படி வந்தான், நாள் குறித்தபடி உயிரை எடுத்தான், அவன் பக்கம் பிழையே இல்லை. சாவித்திரி பின்னாலேயே போய்க் கதைத்துக் கதைத்து ஒவ்வொரு வரமாக வாங்கி, பிள்ளைகள் வேண்டும் என்று ஒரு வரம் கேட்டு அவனை மடக்கிப் புருஷனை மீட்டாள். யமன் ஏமாந்தான் என்று எங்கள் சனம் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. விடியற்காலையில் யமன் உயிரை விடுகிற கட்டம் வந்தால் நித்திரையால் எழும்பி உட்கார்ந்து பார்ப்பார்கள். டானியல் அந்தச் சாவித்திரி. செத்தவன் சத்தியவான், ஆனால் பின்னால் போனவள் ஆர் என்பதுதானே கதை.

பாட்டுக்கு இளகுவது எங்களுக்குப் புதிதும் இல்லை. கைலையைத் தூக்கப் போய் விரலால் நசுக்கப்பட்ட இராவணன் சாமகானம் பாடித்தான் தப்பினான், வாளும் வாழ்நாளும் வேறு வாங்கிக்கொண்டு போனான். சம்பந்தர் தேவாரத்தில் பதிகத்துக்குப் பதிகம் எட்டாம் பாட்டில் அதைச் சொல்லி வைத்திருக்கிறார். குற்றம் செய்தவனே பாடி, தண்டித்தவரே இரங்கினார். நாங்கள் அதைப் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியவர்கள்.

தவில் அண்ணைக்கும் ஒன்று. எங்கள் பக்கம் பேயும் பாட்டும் சேர்ந்த கதை இல்லை என்கிறீர்கள். காரைக்கால் அம்மையார்? அழகாக இருந்த உடம்பை வேண்டாம் என்று கழற்றிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கினார். எதற்கு? அவன் ஆடுகிறபோது அடியின் கீழ் இருந்து பாடுவதற்கு. ஜான் பாட்டைக் கொடுத்து வடிவை வாங்கினாள், அம்மையார் வடிவைக் கொடுத்துப் பாட்டை வாங்கினார். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளோடு கதைத்தபோது வகுப்பில் அவ்வளவு அமைதி. ஒரு பிள்ளை கேட்டாள், “மிஸ், அம்மையாரைக் கேட்க அங்கே ஆர் இருந்தது?” சுடுகாட்டில் பாடினவவுக்குக் கூட்டம் ஏது. ஆனாலும் அந்தத் திருவாலங்காட்டுப் பதிகங்கள் இன்றைக்கும் இருக்கின்றன.

இணுவில்_தவில்

அம்மையாரை நான் இப்படி யோசித்துப் பார்த்ததில்லை. மிக நல்ல இடம். நாடகத்துக்குள் கொண்டு வருவீர்களா?

வேலணை_வயலின்

இல்லை அண்ணை, கொண்டு வந்தால் கதை இரண்டாகப் பிரிந்துபோகும். அரங்கேறுவதற்கு முன் பிள்ளைகள் அதைத் தெரிந்திருந்தால் போதும்.

கச்சேரியடி

ஒரு யோசனை. யூரிமாரை நரகத்துப் பூதங்களாக வைக்காதீர்கள். ஒரு காலத்தில் பாடி, புகழ் தேடி, அதே ஆளிடம் எழுதிக் கொடுத்தவர்களாக வையுங்கள். பெனேயின் கதையில் யூரிமார் இளகுவதற்குக் காரணம் அவர்களும் மனிதராக இருந்தது. இங்கே அவர்களும் பாடகராக இருந்தவர்கள் என்றால், டானியலின் பாட்டு ஏன் அவர்களைத் தொட்டது என்று யாரும் கேட்கமாட்டார்கள். பிள்ளைகளின் சந்தேகமும் பாதி தீர்ந்துவிடும்.

ஸ்காபுரோ_நல்லூரான்

கச்சேரியடி சொன்னது அருமை. அதோடு டானியலைத் தனியே பாட விடாதீர்கள், ஜானும் சேரட்டும். பிறகு வந்த படத்தில் நெல்வானாவே அந்த இடத்துக்குத்தான் போனார்கள்.

நாவாந்துறைக்_கூத்தன்

இப்போது எனக்குச் சரி வருகிறது. ஜான் வாய் திறக்காமல் நின்று, வேறொருவன் பாடி அவளை மீட்டால் நான் ஏற்கமாட்டேன் என்றது அதனால்தான். சாவித்திரியைச் சொன்னீர்கள், ஆனால் சத்தியவான் பிழை செய்யாதவன், இவள் செய்தவள். அவள் பாட வேண்டும். அதுவும் புகழ் வந்த பிறகு பாடின பாட்டைப் பாடக்கூடாது, வேலை போன அன்றைக்கு இரண்டு பேரும் பாடினார்களே, அதை. கூட்டம் வேண்டாம் என்று தள்ளின அதே பாட்டு. முதலில் அவளுக்குச் சுருதி சேரக்கூடாது, இவ்வளவு நாளும் வேறு மாதிரிக் கத்திப் பழகின தொண்டை. டானியல் ஒரு அடி பாடி நிறுத்தட்டும், அவள் அடுத்த அடியைத் தேடிப் பிடிக்கட்டும். கூத்தில் பிற்பாட்டுக்காரர் அடியை வாங்கிப் பாடுவது போல. மூன்றாவது தரம் சேர வேண்டும். யூரிமாரில் ஒருவர் தன்னை அறியாமல் பிற்பாட்டு எடுக்கட்டும், பிறகு மற்றவர்கள். பிசாசு மட்டும் பாடத் தெரியாமல் நிற்பான்.

வேலணை_வயலின்

ஐயா, இதை வாசித்துக் காட்டியதும் பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள். கடைசிக் காட்சியைப் புதிதாக எழுதுகிறோம். ஒப்பந்தக் காட்சிக்கு மாலையின் தங்கச்சிக்கு வந்த தாளில் இருந்த மாதிரி வசனங்களை வைக்கலாமா? எந்த நிறுவனம் என்று ஒரு அடையாளமும் வராது.

பாசையூர்_மாலை

தாராளமாக வையுங்கள் அக்கா. தங்கச்சியிடம் கேட்டுவிட்டேன். ஜானாக நடிக்க ஆள் எடுத்தாயிற்றா என்று அவள் திருப்பிக் கேட்கிறாள்.

வேலணை_வயலின்

இன்னும் இல்லை. ஞாயிறு பின்னேரம் ஒத்திகைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. கூத்தன் ஐயா, நீங்கள் வந்தால்தான் அந்தப் பிற்பாட்டு அடிகளுக்கு மெட்டுப் போடலாம்.

நாவாந்துறைக்_கூத்தன்

வருகிறேன். ஆர்மோனியம் அங்கே இருக்கிறதா, நான் கொண்டு வரவா?